கண்ணாடித் தட்டும் அடைப்புக்குறிகளும்

பரணில் கிடக்கும் பழைய ஸ்கேனர் ஒன்றை இறக்கித் தூசி தட்டி மின்சாரம் கொடுத்தால் பெரும்பாலும் அதன் விளக்கு எரியும். விளக்கைத் தாங்கிய தண்டு கண்ணாடித் தட்டின் அடியில் சற்று நகர்ந்து தன் இடத்தில் போய் நிற்கும். இயந்திரத்தில் ஒரு குறையும் இராது. ஆனால் கணிப்பொறிக்கு அப்படி ஒன்று இணைக்கப்பட்டிருப்பதே தெரியாது. கூட வந்த குறுந்தகட்டில் உள்ள இயக்கி மென்பொருள் இன்றைய இயங்குதளத்தில் ஓடாது; செய்த நிறுவனமோ அந்த மாதிரியை எப்போதோ மறந்துவிட்டிருக்கும். படத்தொகுப்பு மென்பொருள்களின் உலகில் இதற்கு இணையான இன்னொரு மரணமும் உண்டு. நூறு படங்களைத் திறந்து, நேராக்கி, வெட்டிச் சேமிக்கும் வேலையை ஒரே கட்டளையில் முடிக்க யாரோ எழுதிவைத்த ஸ்கிரிப்ட், மென்பொருளின் அடுத்த பதிப்பில் ஒற்றை வரிப் பிழைச்செய்தியுடன் நின்றுபோகும். எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

கணிப்பொறி வரலாறுகள் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அவை கண்டுபிடிப்பாளர்களையும் நிறுவனங்களையும் பற்றிப் பேசுபவை. பிழைச்செய்தியின் முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் பயனரைப் பற்றி அவற்றுக்குச் சொல்ல அதிகம் இருப்பதில்லை. எனினும் படத்தொகுப்பு மென்பொருளின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் படித்தால், அதன் முக்கியமான திருப்பங்கள் சில இத்தகைய சில்லறைத் தொல்லைகளிலிருந்தே கிளைத்திருப்பதைக் காணலாம். ஒரு கருவி தொல்லை தரும்போது அதன் உள்ளே பார்க்க யாருக்கு அனுமதி இருந்தது என்பதைப் பொறுத்தே சில பிழைத்தன, சில மறைந்தன.

ஒரே குழுவின் கைவேலை

1957ல் அமெரிக்க அரசின் தேசியத் தரநிர்ணயப் பணியகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் ஒரு புகைப்படத்தை உருளையொன்றில் பொருத்திச் சுழலவிட்டு, அதன் ஒளியையும் இருளையும் எண்களாக மாற்றினார்கள். படத்தில் இருந்தது கிர்ஷின் மூன்று மாதக் குழந்தை. ஐந்து சென்டிமீட்டர் சதுரம்; பக்கத்துக்கு 176 புள்ளிகள்; மொத்தம் 30,976. ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று மட்டுமே அந்த இயந்திரத்தால் பதிய முடிந்தது. ஆகவே எவ்வளவு ஒளி இருந்தால் வெள்ளை என்ற எல்லையை மாற்றி மாற்றிப் பலமுறை ஸ்கேன் செய்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைப்பட்ட சாம்பல் நிறங்களைப் பெற்றார்கள்.

உலகின் முதல் எண்மப் படம் என்று சொல்லப்படும் இந்தப் படத்தின் பின்னால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்கேனரை வடிவமைத்தவர்களும், அது தந்த எண்களை ஸீக் என்ற கணிப்பொறியில் ஏற்றிப் படத்தை அலசும் நிரல்களை எழுதியவர்களும் ஒரே குழுவினர். சாம்பல் நிறம் வரவில்லையா, நிரலைக் கொண்டு ஸ்கேனரின் குறையை ஈடுசெய்யலாம். புள்ளி இடம்பெயர்கிறதா, இயந்திரத்தையே திருத்தலாம். 'உதவி' என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. கிர்ஷ் 2020ல் தம் 91ஆம் வயதில் காலமானார். அதற்குள் ஸ்கேனரைச் செய்பவரும், படத்தைத் திருத்தும் மென்பொருளை எழுதுபவரும், அவ்விரண்டையும் பயன்படுத்துபவரும் ஒருவரை ஒருவர் அறியாத மூன்று கூட்டத்தினராகப் பிரிந்து பல காலம் ஆகிவிட்டிருந்தது.

ஸ்கேனரோடு வந்த இலவச இணைப்பு

அந்தப் பிரிவு வணிகத்தோடு வந்தது. 1987ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த தாமஸ் நோல், தம் மக்கின்டோஷ் கணிப்பொறியின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறப் படங்களைக் காட்டுவதற்காகச் சிறு நிரல் ஒன்றை எழுதினார். திரைப்படங்களுக்குச் சிறப்புக் காட்சிகள் அமைக்கும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மாஜிக் நிறுவனத்தில் வேலை பார்த்த அவருடைய சகோதரர் ஜான் நோல் அதன் பயனை உணர்ந்து, இருவருமாக அதை விரித்தெடுத்தார்கள். ஃபோட்டோஷாப் பிறந்த கதை இது. அடோபி நிறுவனம் அதன் முதல் பதிப்பை வெளியிட்டது 1990 பிப்ரவரியில். ஆனால் அதற்கு முன்பே பார்னிஸ்கேன் என்ற ஸ்கேனருடன் சேர்த்து ஏறக்குறைய 200 பிரதிகள் விற்பனைக்குப் போயிருந்தன. உலகின் மிகப் புகழ்பெற்ற படத்தொகுப்பு மென்பொருள், முதன்முதலில் ஒரு ஸ்கேனரின் துணைப்பொருளாகவே பயனர்களின் கையை அடைந்தது.

பார்னிஸ்கேன் வாங்கியவருக்குச் சிக்கல் இல்லை. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தன. மற்றவர்களுக்கு அப்படி அல்ல. ஃபோட்டோஷாப்பின் தொடக்கப் பதிப்புகளில் ஒவ்வொரு ஸ்கேனருக்கும் அதைச் செய்த நிறுவனமே ஒரு செருகுநிரல் எழுதித் தர வேண்டியிருந்தது. இன்னொரு மென்பொருளில் அதே ஸ்கேனரைப் பயன்படுத்த வேறொரு நிரல் வேண்டும். பத்து ஸ்கேனர்களும் பத்து மென்பொருள்களும் இருந்தால் நூறு நிரல்கள். யார் எழுதுவது? எழுதியது ஓடவில்லை என்றால் யாரைக் கேட்பது? ஸ்கேனர்க்காரர் மென்பொருளைக் கைகாட்டுவார். மென்பொருள்காரர் ஸ்கேனரைக் கைகாட்டுவார்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்டவே ஆல்டஸ், கேர், கோடக், ஹியூலட் பேக்கர்ட், லாஜிடெக் ஆகிய நிறுவனங்கள் கூடி 1992ல் ஒரு பொது நெறியை வகுத்தன. அதன் பெயர் ட்வெய்ன். ஆங்கிலத்தில் 'இரண்டு' என்பதைக் குறிக்கும் வழக்கொழிந்த சொல் அது. கிழக்கும் மேற்கும் சேர்வதைப் பற்றிய ருட்யார்ட் கிப்ளிங்கின் கதைப்பாடல் ஒன்றிலிருந்து எடுத்தார்கள். ஸ்கேனரையும் கணிப்பொறியையும் இணைப்பது அந்த நாளில் அவ்வளவு கடினமாக இருந்ததாம். பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதியதால் அது ஏதோ தொடரின் சுருக்கம் என்று எண்ணிப் பலரும் விரிவாக்கம் தேடினார்கள். விரிவாக்கத்துக்குப் போட்டி கூட நடந்தது. எதுவும் தேர்வாகவில்லை, ஆனால் 'சுவாரசியமான பெயர் இல்லாத தொழில்நுட்பம்' என்று பொருள்படும் பரிகாசமான விரிவாக்கம் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ட்வெய்ன் நூறு நிரல்களை இருபதாகக் குறைத்தது. ஆனால் அதன் அமைப்பில் ஒரு நுட்பமான குறை இருந்தது. ஸ்கேனரைக் கட்டுப்படுத்தும் பகுதியும், பயனருக்குத் திரையில் தோன்றும் சாளரமும் ஒரே நிரலுக்குள் பிணைந்திருந்தன. அந்த நிரலைத் தருவது நிறுவனம். அதன் உள்ளே வேறு யாரும் பார்க்க முடியாது. இயங்குதளம் மாறும்போது நிறுவனம் புதிதாக எழுதித் தந்தால்தான் உண்டு. விண்டோஸ் 64 பிட்டுக்கு மாறியபோது பழைய இயக்கிகள் ஓடவில்லை. 2019 அக்டோபரில் ஆப்பிள் தன் காட்டலீனா பதிப்பில் 32 பிட் நிரல்களுக்கு முற்றாகக் கதவடைத்தபோது, அதுவரை ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்கேனர் நிரல்கள் அனைத்தும் ஒரே மேம்படுத்தலில் செயலிழந்தன. பரணில் கிடக்கும் ஸ்கேனரின் கதை இதுதான்.

அச்சுப்பொறியின் மூலநிரல்

மூடிய நிரல் பற்றிய மனக்குறை ஸ்கேனருக்கு முன்பே அச்சுப்பொறியில் தொடங்கிவிட்டது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஸெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். முந்தைய அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால் பயனருக்குச் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதன் மூலநிரல் கிடைக்கவில்லை. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதாக அறிந்து நேரில் சென்று கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். 1983ல் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்துக்கு இந்த மறுப்பும் ஒரு காரணம் என்று அவரே தம் உரைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் குனுவின் பெயரைத் தன் முதலெழுத்தில் தாங்கிய படத்தொகுப்பு மென்பொருள்தான் கிம்ப். அதன் தொடக்கமும் ஒரு கேள்விதான். 1995 ஜூலையில் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் பீட்டர் மாட்டிஸ், ஃபோட்டோஷாப் போன்ற ஒன்றை ஒருவர் எழுதுவதானால் அதில் என்னென்ன வசதிகள் இருக்க வேண்டும் என்று லினக்ஸ் நிரலாளர்களிடம் பொதுவில் கேட்டார். அதே ஆண்டு நவம்பரில் அவரும் சக மாணவர் ஸ்பென்சர் கிம்பலும் கிம்பை அறிவித்தார்கள்.

அந்த அறிவிப்பில் அவர்கள் சொன்ன பிறப்புக்கதை வேடிக்கையானது. நிரல்மாற்றி எழுதும் பாடத்துக்கான செயல்திட்டத்தை லிஸ்ப் மொழியில் செய்துகொண்டிருந்தார்களாம். தூக்கமில்லாத ஒரு விடியற்காலையில் 17 மெகாபைட் நினைவகம் போதவில்லை என்று லிஸ்ப் சரிந்து விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், செயல்திட்டத்தைக் கைகழுவினார்கள். படத்தைப் பட்டியலுக்குள் பட்டியலாக அடுக்கிவைக்கத் தேவையில்லாத வேறேதேனும் எழுதவேண்டும், அதையும் ஸி மொழியில் எழுதவேண்டும் என்று தீர்மானித்தார்களாம். விதியின் விளையாட்டைப் பாருங்கள். லிஸ்பிலிருந்து தப்பி ஓடிப் பிறந்த கிம்பில் சில காலத்துக்குள்ளேயே லிஸ்பின் கிளைமொழியான ஸ்கீம் வந்து அமர்ந்துகொண்டது. ஸ்கிரிப்ட்-ஃபூ என்பது அதன் பெயர். 1998 ஜூனில் வெளிவந்த 1.0 பதிப்பில் அது கிம்பின் முதன்மையான ஸ்கிரிப்ட் மொழியாக இருந்தது. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக நீளும் அதன் வரிகளைக் கண்டு மிரளாத புதியவர் குறைவு.

மிரட்சிக்கு நடுவே அதில் ஒரு நல்ல விதி இருந்தது. ஸ்கிரிப்ட் எழுதுபவர் அதைக் கிம்பில் பதிவுசெய்யும்போது, அது என்ன செய்கிறது என்ற குறிப்பையும், எழுதியவர் பெயரையும், உரிமையையும், எழுதிய காலத்தையும் கட்டாயம் தரவேண்டும். கிம்ப் அவற்றைத் தன் செயல்முறைக் களஞ்சியத்தில் சேர்த்துவைக்கும். யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். நம் ஏடுகளின் இறுதியில் எழுதியவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்துவைத்தது நினைவுக்கு வருகிறது. பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொள்ளும் வழக்கமும் அங்கு உண்டு. ஸ்கிரிப்டில் வேண்டுகோளுக்கு இடமில்லை. ஆனால் மூலம் திறந்திருப்பதால் பிழையைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை, திருத்திவிடலாம்.

தெளிந்த சித்தம்

கிம்ப் பிறந்த காலத்தில் லினக்ஸ் பயனருக்கு ஸ்கேனர் எட்டாக்கனி. எந்த நிறுவனமும் லினக்ஸுக்கு ட்வெய்ன் நிரல் எழுதவில்லை. 1996 வாக்கில் டேவிட் மோஸ்பெர்கர்-டாங், ஆண்ட்ரியாஸ் பெக் ஆகியோர் தொடங்கிய ஸேன் என்ற திட்டம் இந்த வெற்றிடத்தை நிரப்பியது. 'ஸ்கேனர் அணுகல் இனி எளிது' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. சேர்த்துப் படித்தால் 'தெளிந்த சித்தமுடைய' என்று பொருள்.

ட்வெய்ன் ஒன்றாகப் பிணைத்ததை ஸேன் இரண்டாகப் பிரித்தது. ஸ்கேனரோடு பேசுவது ஒரு பகுதி. பயனரோடு பேசுவது இன்னொன்று. ஸ்கேனர் ஒரு கணிப்பொறியிலும் பயனர் வேறொரு கணிப்பொறியிலும் இருக்கலாம். புதிய ஸ்கேனருக்கு ஆதரவு தர முதல் பகுதியை மட்டும் எழுதினால் போதும். ஸேனின் எக்ஸ்ஸ்கேன்இமேஜ் என்ற நிரலைக் கிம்பின் செருகுநிரல் கோப்புறையில் ஓர் இணைப்பாக வைத்துவிட்டால் கிம்பின் பட்டியலிலேயே ஸ்கேனர் வந்துவிடும். ஆலிவர் ரௌக் எழுதிய எக்ஸ்ஸேன் இதை மேலும் வசதியாக்கியது.

ஆனால் ஸ்கேனரோடு பேச அதன் மொழி தெரியவேண்டும். சில நிறுவனங்கள் ஆவணங்களைத் தந்தன. பல தரவில்லை. அங்கே தன்னார்வலர்கள் செய்தது ஒட்டுக்கேட்கும் வேலை. விண்டோஸில் நிறுவனத்தின் நிரலை ஓடவிட்டு, யுஎஸ்பி வடத்தின் வழியே அது ஸ்கேனருக்கு அனுப்பும் எண்களை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து, எந்த எண்ணுக்கு விளக்கு எரிகிறது, எதற்குத் தண்டு நகர்கிறது என்று பொருத்திப் பார்த்து மொழியை மீட்டெடுத்தார்கள். அறியாத லிபியில் அமைந்த கல்வெட்டைப் படிப்பவர் செய்யும் வேலைக்கு இது வெகுதூரத்தில் இல்லை. இன்னொரு தடையும் இருந்தது. சில மலிவு விலை ஸ்கேனர்களுக்குச் சொந்த அறிவு கிடையாது; மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கணிப்பொறி ஒரு சிறு நிரலை அவற்றுக்குள் ஏற்றவேண்டும். அந்த நிரலின் காப்புரிமை நிறுவனத்துடையது. ஸேன் அதை வழங்க முடியாது. பயனரே தம்மிடமுள்ள குறுந்தகட்டிலிருந்து அந்தக் கோப்பைத் தேடி எடுத்து உரிய இடத்தில் வைக்கவேண்டும். ஸ்கேனரைக் காப்பாற்ற நினைப்பவர் அதன் குறுந்தகட்டையும் காப்பாற்றவேண்டும் என்பது பலருக்குத் தாமதமாகவே தெரிந்தது.

ஸேன் வெளியிட்டுவரும் கருவிப் பட்டியல் ஒரு முக்கியமான வரலாற்று ஆவணம் என்பேன். ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே அதன் நிலை குறிக்கப்பட்டிருக்கும்: முழுமை, நன்று, அடிப்படை, மிகக்குறைவு, சோதிக்கப்படாதது, ஆதரவில்லை. 'சோதிக்கப்படாதது' என்ற குறிப்பின் பொருள் எளியது. நிரல் எழுதியாயிற்று, ஓடக்கூடும்; ஆனால் அந்த ஸ்கேனர் யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. நிரல் அறிந்தவரிடம் கருவி இல்லை. கருவி வைத்திருப்பவருக்கு நிரல் தெரியாது. 'என் ஸ்கேனர் ஓடவில்லை' என்று வந்த பயனரிடம் அதன் அடையாள எண்ணைக் கேட்டு, ஒரு சோதனையை ஓட்டச் சொல்லி, விளைவை வாங்கித் திருத்தி, மீண்டும் ஓட்டச் சொல்லி, அப்படித்தான் அந்தப் பட்டியல் வளர்ந்தது. உதவி கேட்டு வந்தவரே உதவி செய்தவராகவும் ஆனார்.

இதற்கு மாற்றான வழியொன்றும் உண்டு. 1998ல் எட் ஹாம்ரிக் தம் ஸ்கேனருடன் வந்த மென்பொருளில் மனநிறைவில்லாமல் வியூஸ்கேன் என்ற வணிக மென்பொருளை எழுதினார். கைவிடப்பட்ட பல்லாயிரம் மாதிரிகளை அது இன்றும் இயக்குகிறது. மூலநிரல் திறந்ததல்ல, ஆனால் மறந்துபோன கருவிகளை நினைவில் வைத்திருப்பதே ஒரு தொழிலாக முடியும் என்பதற்கு அது சான்று.

அறிவிக்கப்படாத மாறி

இனி ஸ்கிரிப்டுகளுக்கு வருவோம். ஸ்கேனரும் ஸ்கிரிப்டும் சந்திக்கும் இடம் அலுப்பு. ஒரு தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தால் ஏ4 அளவுக்கு 87 இலட்சம் புள்ளிகள் வரும். அதைச் சற்றுச் சுழற்றி நேராக்கி, ஓரம் வெட்டி, ஒளி திருத்திச் சேமிக்க இரண்டு நிமிடம் போதும். முந்நூறு தாள்களுக்குப் பத்து மணி நேரம். ஃபோட்டோஷாப் 1996ல் தன் நான்காம் பதிப்பில் செயல்களைப் பதிவுசெய்து மீண்டும் ஓட்டும் வசதியைத் தந்தது. 2003ன் ஸிஎஸ் பதிப்பில் ஜாவாஸ்கிரிப்டை உள்ளேயே கொண்டுவந்தது. கிம்பில் ஸ்கிரிப்ட்-ஃபூவோடு பெர்லும் பைதானும் சேர்ந்தன. கண்ணாடித் தட்டில் நான்கு பழைய புகைப்படங்களைப் பரப்பி ஒரே முறையில் ஸ்கேன் செய்துவிட்டு, பின்னர் அவற்றைத் தாமாகவே கண்டறிந்து, வெட்டி, நிமிர்த்தி, தனித்தனிக் கோப்புகளாக்கும் ஸ்கிரிப்டுகளைப் பயனர்களே எழுதிப் பகிர்ந்தார்கள்.

2007 அக்டோபரில் கிம்ப் 2.4 வந்தபோது இவற்றில் பல நின்றுபோயின. அதுவரை ஸ்கிரிப்ட்-ஃபூவை இயக்கியது ஜார்ஜ் காரட் எழுதிய ஸையாட் என்ற சிறிய ஸ்கீம். அது தாராள மனம் படைத்தது. ஒரு மாறியை முன்கூட்டி அறிவிக்காமல் நேரே அதற்கு மதிப்பு கொடுத்தாலும் கண்டுகொள்ளாது. அதன் இடத்தில் வந்த டைனிஸ்கீம் இலக்கணம் பார்ப்பது. அறிவிக்கப்படாத மாறியைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடும். மாற்றம் தேவையானதுதான். பழையது பராமரிப்பின்றிக் கிடந்தது. புதியது யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் திறன் பெற்றிருந்தது. ஆனால் பத்தாண்டுகளாகப் பலரும் தம் வசதிக்கு எழுதிவைத்திருந்தவற்றின் ஆசிரியர்கள் எல்லோரும் திருத்துவதற்குக் காத்திருக்கவில்லை.

இங்கேதான் ஸ்கேனருக்கும் ஸ்கிரிப்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. ஸ்கிரிப்ட் வெறும் உரைக்கோப்பு, யாரும் திறக்கலாம். கிம்ப் குழுவினர் மாற்ற வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார்கள். திருத்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிகள்தான்: பயன்படுத்தும் மாறிகளைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். ஸ்கீம் முறையாகப் படிக்காத ஒருவரும் பிழைச்செய்தியில் வரும் பெயரைப் பிடித்துக்கொண்டு அந்த வரியைச் சேர்த்துவிட முடியும். 2025 மார்ச்சில் வெளிவந்த கிம்ப் 3.0லும் இதே கதை மீண்டும் நடந்தது. பைதான் 2 போய் 3 வந்தது. ஒரே நேரத்தில் பல அடுக்குகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனதால், 'இப்போதைய அடுக்கு எது' என்று கேட்டுவந்த ஸ்கிரிப்டுகள் கேள்வியையே மாற்றிக் கேட்கவேண்டியதாயிற்று.

ஆறு எட்டாகும் விந்தை

பிழைச்செய்தியுடன் நிற்கும் ஸ்கிரிப்ட் நேர்மையானது. எதுவும் சொல்லாமல் தவறு செய்வதுதான் ஆபத்து. 2013ல் ஜெர்மானியக் கணிப்பொறியாளர் டேவிட் கிரீஸல், ஸெராக்ஸ் நகலெடுப்பு இயந்திரம் ஒன்றில் ஸ்கேன் செய்யப்பட்ட கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பளவுகள் மாறியிருப்பதைக் கண்டார். வெவ்வேறு அளவுள்ள மூன்று அறைகளுக்கும் ஒரே எண். மங்கலோ சிதைவோ இல்லை. எண்கள் தெளிவாக, தவறாக இருந்தன. வேறு ஆவணங்களில் 6 என்பது 8 ஆகியிருந்தது. காரணம் கோப்பைச் சுருக்கும் முறை. பக்கத்தில் ஒன்றுபோலத் தோன்றும் உருக்களைக் கண்டறிந்து, ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிடும். குறைந்த தரத்தில் இப்படி நேரலாம் என்ற எச்சரிக்கை இயந்திரத்தில் இருந்தது. ஆனால் மற்றத் தர அளவுகளிலும் நேர்வதைக் கிரீஸல் செய்துகாட்டிய பின் நிறுவனம் ஒப்புக்கொண்டு திருத்தநிரல் வெளியிட்டது. அந்தப் பிழை பல ஆண்டுகளாக உலகெங்கும் அலுவலகங்களில் இருந்துவந்திருக்கிறது.

தமிழ் நூல்களை எண்மப்படுத்துபவர்களுக்கு இதில் படிப்பினை உண்டு. 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் தட்டச்சால் பெரிதும் வளர்ந்தது. 2005ல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டம் போன்றவை பக்கங்களை ஸ்கேன் செய்து படமாகவே காக்கின்றன. பழைய ஈய அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்தால் தாளின் மஞ்சளும் மறுபக்கத்து எழுத்தின் நிழலும் சேர்ந்து வரும். பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் நிழல் பெருமளவு மட்டுப்படும். எஞ்சிய அழுக்கைப் போக்க, ஸ்கிரிப்டில் தூசி நீக்கும் வடிகட்டியைச் சேர்ப்பது வழக்கம். சிறிய, தனித்து நிற்கும் கரும்புள்ளிகளைக் கண்டால் அது அழித்துவிடும்.

தமிழில் சிறிய, தனித்து நிற்கும் கரும்புள்ளி எது? மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. வடிகட்டியின் ஆரத்தை ஒரு படி கூட்டினால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். ஏடுகளில் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. உ. வே. சாமிநாதையர் முதலான பதிப்பாசிரியர்கள் பொருளையும் யாப்பையும் கொண்டு ஊகித்து ஒவ்வொரு புள்ளியாக அச்சில் ஏற்றினார்கள். அவர்கள் உழைத்து வைத்த புள்ளியை நூறாண்டு கழித்து ஒரு வடிகட்டி தூசி என்று கருதித் துடைத்துவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. பக்கம் முன்னைவிடப் பளிச்சென்று இருக்கும்.

இதற்கு எந்த நிறுவனத்தின் உதவி எண்ணிலும் விடை கிடைக்காது. அவர்களுக்குப் புள்ளி தெரியாது. ஸ்கிரிப்டைத் திறந்து ஓர் எண்ணைக் குறைக்கத் தெரிந்தவரும், மெய்யும் உயிர்மெய்யும் பார்த்தறியத் தெரிந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவேண்டும். இருவரும் ஒருவராகவே இருந்தால் இன்னும் நல்லது. ஆகவே ஸ்கேன் செய்த பக்கங்களைச் சேமிக்கும்போது துப்புரவு செய்யாத மூலப்படத்தையும் கூடவே வைக்கவேண்டும். எந்த ஸ்கேனர், அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, எந்த ஸ்கிரிப்ட், அதன் எண்கள் என்ன என்று ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதி, செய்தவர் பெயரும் நாளும் இட்டு அதனோடு சேர்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. இருபதாண்டு கழித்து அந்தக் கோப்புகளைத் திறக்கப்போகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது. நம்மைத் தேடிப்பிடித்துக் கேட்க அவருக்கும் வழி இராது.